துண்டு இல்லாமல் படகு கட்டக் கூடாது

சபை வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். முதல் வாரமே யாராவது ஒருவர் உங்கள் மேசைமேல் ஒரு பலகையைப் போட்டு, "இதில் ஓர் அறிவிப்பு எழுதி நட்டுவிடுங்கள்" என்பார். சின்ன வேலைதானே என்று தூரிகையை எடுப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். முதலில் இதைக் கேளுங்கள்.

ஹட்டன் பக்கத்தில் ஒரு கிராமச் சபையில் கிளாக்கராகச் சேர்ந்து, அங்கேயே தலை நரைத்து, பென்ஷன் வாங்கியவன் நான். எத்தனையோ கடிதம் எழுதினேன், எத்தனையோ கோப்பு கட்டினேன். ஒன்றும் நினைவில்லை. ஒரே ஒரு பலகை மட்டும் எழுத்துக்கு எழுத்து ஞாபகமிருக்கிறது.

அறுபதுகளின் நடுவில் எங்கள் பள்ளத்தாக்கில் அணை கட்டித் தண்ணீரைத் தேக்கினார்கள். தேயிலை மலைகளுக்கு நடுவே திடீரென்று ஓர் ஏரி. ஏரி வந்தால் படகு வராமல் இருக்குமா? நுவரெலியாவுக்கு சீசனுக்கு வந்த கொழும்புக் கனவான்களும் சுற்றுவட்டாரத் தோட்டத்துத் துரைமாரும் ஜீப்புக்குப் பின்னால் படகை இழுத்துக்கொண்டு வந்தார்கள். பாய்மரம், மோட்டார், சிவப்பு, மஞ்சள் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் தண்ணீரே கல்யாண வீடு மாதிரி இருக்கும். ஆனால் கரையில் படகைக் கட்ட ஒழுங்கான இடமில்லை. கனவான்கள் சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு முழங்கால் சேற்றில் தத்தளிப்பதை ஆட்கள் வேடிக்கை பார்த்துச் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு கொழும்புவரை கேட்டதோ என்னவோ, அரசாங்கப் பணம் வந்தது. வந்து போகும் உல்லாசப் படகுகள் இரண்டு மூன்று மணித்தியாலம் கட்டிக் கிடக்க ஒரு துறைமேடை. பாதிப் பணம் முன்னால். மேடையைக் கொழும்பிலிருந்து அதிகாரி வந்து பார்த்த பிறகு மீதிப் பாதி. கோப்பு என் கையில்.

மேடை கட்ட நாங்கள் தேர்ந்த இடம் சும்மா கிடந்த இடமில்லை. அக்கரையில் ஒரு தோட்டம் இருந்தது. முன்பு அதன் லயங்களிலிருந்து, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து, ஆட்கள் பெரிய ரோட்டுக்கு நடந்தே வந்துவிடுவார்கள். அணை வந்ததும் பாதை தண்ணீருக்கடியில் போய்விட்டது. சுற்றி வந்தால் அரை நாள். அதனால் தோட்டம் ஒரு தட்டைப் படகைக் கொடுத்திருந்தது. கடைக்கும் தபாலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அவர்களுக்கு அந்தப் படகுதான். அது வந்து ஒதுங்கச் சரிவான கரை ரோட்டோரமாக ஒரே ஓரிடத்தில்தான் இருந்தது. மற்றப் பக்கமெல்லாம் செங்குத்து. அந்தச் சரிவை வெட்டித்தான் நாங்கள் கல்லும் கொங்கிரீட்டும் போட்டு, வெள்ளையடித்த கம்பங்கள் நட்டோம்.

எனக்கு அது தெரியாதா? தெரியும். நானும் லயத்தில் பிறந்தவன்தான். தோட்டத்து ஆட்களுக்கு லேசில் கிடைக்காத பிரஜாவுரிமைப் பத்திரம் கையில் கிடைத்து, அதைக் காட்டித்தான் சபை வேலைக்குள் நுழைந்தேன். என் சோறே ஒரு காகிதத்தில் தொங்கியது. அப்படிப்பட்டவனுக்குக் காகிதத்தின்மேல் ஒரு பக்தி வந்துவிடும் பாருங்கள், அது பொல்லாத பக்தி. அதிகாரி வரும் நேரத்தில் தோட்டத்துப் படகு அரிசி மூட்டையும் மண்ணெண்ணெயுமாக மேடையில் கட்டிக் கிடந்தால் மீதிப் பணம் வராது, சபைத் தலைவர் என் தலையைத்தான் உருட்டுவார் என்று நானே முடிவு செய்தேன். பலகையை எழுதினேன்.

'உல்லாசப் படகுகளுக்கு மட்டும். துண்டு இல்லாமல் படகு கட்டக் கூடாது.'

தோட்டத்தில் பிறந்தவர்களுக்குத் துண்டு என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். மருந்துக்குத் துண்டு. லீவுக்குத் துண்டு. சொந்தக்காரர் வந்து ஒரு நாள் தங்கத் துண்டு. துரையோ கணக்கப்பிள்ளையோ கிறுக்கித் தரும் ஒரு கிழிந்த காகிதம். அது கையில் இல்லாவிட்டால் பெரட்டுக் களத்தில் காலையில் ஆள் கணக்கு எடுக்கும்போது பதில் சொல்ல முடியாது. தலைவர் 'அனுமதிப் பத்திரம்' என்றுதான் எழுதச் சொன்னார். நம்ம ஆட்களுக்கு நன்றாக விளங்கட்டுமே என்று நான்தான் 'துண்டு' என்று எழுதினேன். விளங்கியது. ஐயோ, நன்றாகவே விளங்கியது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மேடைக்கு வந்த உல்லாசப் படகுக்காரர் ஒருவர்கூட என்னிடம் துண்டு வாங்கியதில்லை. பைப்பைப் பற்றவைத்துக்கொண்டு பலகைக்கு முன்னாலேயே நடந்து போவார்கள். நானும் கேட்டதில்லை. கேட்க எனக்கு நாக்கு எழாது. துண்டு கேட்டு வந்தவர்களிடம் மட்டும் கண்டிப்பாக இருந்தேன்.

பலகை நட்ட சில நாளில், தோட்டத்துப் படகோட்டி ஆறுமுகம் மேலே ஹனிபா நானாவின் கடைக்கு என்னைத் தேடி வந்தான். நானாவின் கடை மேடைக்கு மேலே ரோட்டில்தான், கூப்பிடு தூரம். தலைவரும் நானும் மேடை கட்டிய கொந்தராத்துக்காரரும் அங்கே பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தோம். ஆறுமுகம் தலைத்துண்டை அவிழ்த்து அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றான்.

"ஐயா, துண்டு ஒண்ணு குடுங்க."

"படகு எங்க?"

"கட்டிப்புட்டுத்தானுங்க வந்திருக்கேன்."

"துண்டு வாங்குறதுக்கு முந்தியே எப்படிய்யா கட்டுவ?"

"துண்டு வாங்கத்தானுங்களே எறங்குனேன்."

கொந்தராத்துக்காரர் சிரித்துவிட்டார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. தலைவர் வேறு என் முகத்தையே பார்க்கிறார்.

"பலகையில என்னா எழுதியிருக்கு? நான் வர்ற வரைக்கும் படகுலயே இருக்கணும். உசிரே போனாலும் துண்டு இல்லாம கால கீழ வைக்கக் கூடாது. வெளங்குதா?"

"வெளங்குதுங்க ஐயா."

அவனைக் கீழே அனுப்பி, கட்டிய படகை அவிழ்க்கச் சொல்லி, ஒரு கஜம் தள்ளித் தண்ணீரில் நிற்கவைத்தேன். பிறகு நிதானமாக இறங்கிப்போய், துண்டு எழுதிக் கொடுத்து, மறுபடி கட்டச் சொன்னேன். தலைவர் என் முதுகில் தட்டினார். என்ன பெருமை அன்றைக்கு எனக்கு! வீட்டுக்குப் போய் மனைவியிடம் அதை நடித்துக்கூடக் காட்டினேன்.

அதிகாரி வரும் நாள் விடிந்தது. பத்து மணிக்கு வருவார் என்று தகவல். நான் வழக்கத்துக்கு முன்பே கிளம்பினேன். தூறல். ஏரிமேல் பனி அப்படியே படுத்துக் கிடந்தது. மேடை முனையிலிருந்து பார்த்தால் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. கம்பங்களில் சுண்ணாம்பு கரைந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே போனேன்.

"ஐயா வந்துட்டீங்களா?"

குரல் தண்ணீரிலிருந்து வந்தது. குனிந்து பார்த்தேன். மேடையிலிருந்து ஒரு கஜம் தள்ளித் தோட்டத்துப் படகு நின்றது. ஆறுமுகம் ஒரு கையால் துடுப்பை ஊன்றிப் படகை நகராமல் பிடித்திருந்தான். மறு கையால் மடியில் சாய்ந்திருந்த ஓர் ஆளை அணைத்திருந்தான்.

"தம்பிங்க ஐயா. கருப்பையா. இஸ்டோருல ரோலர்ல கை மாட்டிக்கிச்சு. ஒரு துண்டு குடுத்தீங்கன்னா எறங்கிக்குவோம்."

இஸ்டோர் என்றால் தேயிலைத் தொழிற்சாலை; ரோலர், கொழுந்தை உருட்டும் இயந்திரம். வலது கையைச் சாக்கில் சுற்றியிருந்தார்கள். சாக்கு கறுத்து ஊறியிருந்தது. முழங்கைக்கு மேலே ஒரு துணியை முறுக்கி இறுக்கிக் கட்டியிருந்தது. படகின் அடியில் கிடந்த தண்ணீரும் சிவந்திருந்தது. அந்தப் பையன், இருபத்திரண்டு இருபத்து மூன்று வயதிருக்கும், சாம்பல் பூத்த முகத்தோடு என்னைப் பார்த்து, எனக்கு மரியாதை செய்ய இடது கையைத் தூக்கப் பார்த்தான்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். அந்த நேரத்தில் என் கை முதலில் போனது எங்கே தெரியுமா? சட்டைப் பைக்கு. துண்டுப் புத்தகத்துக்கு. சே!

"எப்ப வந்தீங்க?"

"பெரட்டுக்குத் தப்படிக்கிறப்பவே வந்துட்டோமுங்க."

பெரட்டுக்கு ஆறு மணிக்கு முன்பே தப்பு அடிப்பார்கள். என் கைக்கடிகாரத்தில் ஏழே முக்கால்.

"ஏன்யா எறங்கல? ஏன் எறங்கல? ஆள் யாரும் தடுத்தாங்களா?"

"ஆரும் இல்லீங்க. துண்டு இல்லீங்களே."

"இந்த நெலமையில என்னாய்யா துண்டு!"

ஆறுமுகம் என்னைக் குழப்பத்தோடு பார்த்தான். "நீங்கதானுங்களே ஐயா சொன்னீங்க, உசிரே போனாலும்னு. வர்ற வரைக்கும் படகுலயே இருன்னு."

குத்திக்காட்டவில்லை. கோபமில்லை. நான் சொன்னதை எனக்கே ஞாபகப்படுத்தினான், அவ்வளவுதான். அப்புறம் எப்படித் தண்ணீரில் குதித்தேன், எப்படிப் படகை இழுத்தேன் என்பதெல்லாம் தெரியாது. இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு "நானா! ஹனிபா நானா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

நானா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். படகைப் பார்த்ததும் தலையில் கை வைத்தார்.

"யா அல்லா! என் கட வாசல்லயே! ஒரு சத்தம் போட்டிருக்கலாமே ஆறுமுகம், நான் உள்ளுக்குத்தானே படுத்திருந்தேன்!"

"போட்டோமுங்க நானா. மூணு நாலு வாட்டி போட்டோம். மழையில கேக்கல போல."

தகரக் கூரை. தூறல் விழுந்தாலே உள்ளே பேச்சுக் கேட்காது. நானாவின் லொறியில் அன்றைக்குக் கினிகத்தேனைக்குக் கொண்டுபோக ஏற்றிய அரிசி மூட்டைகள் இருந்தன. அவற்றைச் சேற்றில் உருட்டித் தள்ளினார். நான் மரம் மாதிரி நின்றேன்.

"பாத்துக்கிட்டு நிக்காதீங்க கிளாக்கர், கால புடிங்க!"

லொறியின் பின்பக்கம் நாங்கள் மூவரும். வளைவுக்கு வளைவு கருப்பையாவின் தலை என் தொடையில் வந்து இடித்தது. கட்டுப் போட்ட தோட்டத்து டிஸ்பென்சர், கட்டு ரொம்ப நேரம் இருந்தால் கை செத்துவிடும், பறந்து போங்கள் என்று சொல்லி அனுப்பினாராம். ஆறுமுகம்தான் அதையும் சொன்னான். அதைத் தெரிந்துகொண்டே ஒன்றே முக்கால் மணித்தியாலம் தண்ணீரில் காத்திருக்கிறான்! கருப்பையா வலியில் முனகியதைவிட ஒரே கேள்வியைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்டான்.

"அண்ணே, பேர வெட்டிருவாங்களா?"

கை போனால் தோட்டத்துப் பெயர்ப் பதிவு போகும். பெயர் போனால் லயத்தில் குடியிருக்கும் காம்பராவும் போகும். அவனுக்கு அடுத்த மாதம் கல்யாணம் பேசியிருந்தது. "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுடா, ஐயா கூட இருக்காங்கல்ல" என்றான் ஆறுமுகம். நான் லொறியின் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கட்டை அவிழ்த்துப் பார்த்தார். விரல்களைத் தொட்டார், அமுக்கினார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

"ஒரு மணித்தியாலம் முந்திக் கொண்டுவந்திருந்தால் முழங்கையைக் காப்பாற்றியிருப்பேன், கீழேயும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். எங்கே தாமதம்?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஆறுமுகம் சொன்னான்: "தாமசம் ஒண்ணுமில்லீங்க டாக்டரய்யா. ஐயா வர்ற வரைக்கும் காத்துக்கிட்டு இருந்தோம்."

டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். இடுப்புக்குக் கீழே நான் நனைந்திருந்தேன். உள்ளே போய்விட்டார். முழங்கைக்கு மேலே கையை எடுத்தார்கள்.

நான் திரும்பி வந்தபோது கொழும்பு அதிகாரி மேடையில் நின்றார். பக்கத்தில் தலைவர், முகம் கடுகடுவென்று. வெள்ளைக் கம்பத்தில் தோட்டத்துப் படகு கட்டிக் கிடந்தது. போகும் அவசரத்தில் நானே கட்டியது. உள்ளே சிவந்த தண்ணீர். அதிகாரி சிங்களத்தில் கேட்டார், இது யாருடைய படகு, இந்த இரத்தம் என்ன என்று.

தலைவர் கண்ணால் ஜாடை காட்டினார். ஏதாவது சொல்லிச் சமாளி என்று அர்த்தம். எனக்குச் சமாளிக்கத் தெம்பில்லை. பலகை, துண்டு, உசிரே போனாலும் என்று நான் கத்தியது, ஒன்றே முக்கால் மணித்தியாலம், கை, எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்து, வேலை போனால் போகட்டும் என்று நின்றேன். உண்மையில், போகாதா என்றுகூட இருந்தது.

அதிகாரி நல்ல மனிதர். அதிர்ந்து போய்ப் பலகையைப் பார்த்தார். "இப்படி ஒரு நிபந்தனையை நாங்கள் போடவே இல்லையே" என்றார். எங்கள் சபைக் கோப்பையே வாங்கி, கடைசிப் பக்கத்தைப் புரட்டி, ஒரு வரியை விரலால் தொட்டு என் பக்கம் நீட்டினார். வந்து போகும் படகுகளுக்கு இடைஞ்சல் இல்லாத வேளைகளில் ஊர் மக்களும் மேடையைப் பயன்படுத்தலாம் என்று இருந்தது.

அந்த வரி எனக்குப் புதிதில்லை. அதன் கீழே பென்சிலால் கோடு போட்டிருந்தது. ஓரத்தில், 'விளக்கம் கேட்க வேண்டும்' என்று எழுதியிருந்தது. என் கையெழுத்து.

"கேட்டீர்களா?" என்றார்.

"இல்லை, சேர்."

படித்திருக்கிறேன். கோடு போட்டிருக்கிறேன். ஊர் மக்கள் என்றால் தோட்டத்து ஆட்களும் சேர்த்தியா என்று ஒரு சந்தேகம் வந்திருக்கிறது எனக்கு. எனக்கு! கேட்கலாம் கேட்கலாம் என்று தள்ளிப்போட்டு, கேட்கும்வரை திறந்து விட்டிருக்க வேண்டிய இடத்தை அடைத்து, மேலே ஒரு பலகையும் நட்டுவிட்டேன்.

பிறகு நடந்ததைக் கேளுங்கள், எனக்கு இன்னும் ஆறவில்லை. ஒன்றுமே நடக்கவில்லை. அதிகாரி பெருமூச்சு விட்டு, மேடையை அளந்து, வேலை நல்ல முறையில் முடிந்திருக்கிறது என்று எழுதினார். மீதிப் பணம் ஒரு குறையும் இல்லாமல் வந்து சேர்ந்தது. தலைவர் "நல்ல வேளை" என்றார். எனக்கு ஒரு விசாரணை இல்லை, ஒரு கடிதம் இல்லை. தோட்டத்துப் புத்தகத்தில் தொழிற்சாலை விபத்து என்று எழுதினார்கள். கருப்பையாவின் பெயரை வெட்டினார்கள். கல்யாணமும் நின்றுபோனது.

அதனால் சொல்கிறேன். மேலிடம் ஒரு சாண் கேட்டால் நாம் ஒரு முழம் வெட்டிக் கொடுக்கிறோம், அதுவும் நம்ம ஆட்களின் முதுகிலிருந்து. விளக்கம் கேட்க வேண்டும் என்று ஓரத்தில் எழுதினால் அன்றைக்கே கேளுங்கள். பதில் வரும்வரை கதவைத் திறந்தே வையுங்கள். இன்னொன்று: உங்கள் பேச்சை யார் விளையாட்டாக எடுப்பார், யார் வேதவாக்காக எடுப்பார் என்று தெரிந்துகொண்டு வாயைத் திறங்கள். பைப் பிடித்தவர்களுக்கு என் பலகை வெறும் மரம். ஆறுமுகத்துக்கு அது அப்படியில்லை. லயத்தில் பிறந்த எனக்கு இது தெரியாது என்று யாரிடம் போய்ச் சொல்வேன்?

பலகையை அன்றைக்கே பிடுங்கி, நானாவின் கடை அடுப்பில் வைத்தேன். நானா தீக்குச்சி கிழித்துக் கொடுத்தார்.

சில வாரம் கழித்து ஒரு பகல் வேளை. பஸ்ஸிலிருந்து ஆறுமுகமும் கருப்பையாவும் இறங்கி வந்தார்கள். வலது சட்டைக் கையை மடித்து ஊசி குத்தியிருந்தது. தோட்டத்துப் படகு மேடையோடு ஒட்டிக் கட்டியிருந்தது. இப்போது எப்போதும் அங்கேதான் கட்டினார்கள். ஆறுமுகம் முதலில் ஏறித் துடுப்பை எடுத்துக்கொண்டு தம்பியைக் கூப்பிட்டான். நான் கைகொடுக்க ஓடினேன்.

கருப்பையா படகில் ஏறாமல் மேடையிலேயே நின்றுவிட்டான். பலகை இருந்த இடத்தில் ஒரு குழி இருந்தது. அதைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். பழகாத இடது கையால் சட்டைப் பையைத் தடவித் தடவி, நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினான். வீட்டுக்குப் போகலாம் என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த காகிதம்.

"துண்டு இருக்குங்க ஐயா" என்றான். "ஏறலாங்களா?"

நான் அதை வாங்கிப் பார்க்கும்வரை அவன் கால் எடுத்து வைக்கவில்லை.